ஸ்பிரிங் மாற்றிய லான்சர் எந்த கிளாஸில் ஓடும்?

ஹட்டன்_சீகே கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது லான்சர் சீகே2, 4ஜீ15 இன்ஜின், மேனுவல் கியர். வாங்கும்போதே முந்தின ஓனர் நன்றாகக் கைவைத்திருந்தார். கார் பதிந்து நிற்கிறது, 15 அங்குல ரிம், வாய் அகன்ற சைலன்சர், பொனட்டைத் திறந்தால் பில்டர் பெட்டி இருக்க வேண்டிய இடத்தில் கூம்பு மாதிரி ஒரு எயார் பில்டர். இன்ஜின் ஒரு தடவை போர் அடித்ததாம், அதாவது தேய்ந்த சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்கியதாம். எவ்வளவு என்று கேட்டால் "ஒரு சைஸ்தான் தம்பி" என்றதோடு பேச்சை மாற்றிவிட்டார்.

எங்கள் பக்கத்துப் பையன்கள் சிலர் ஒரு தார்த் தளத்தில் கோன் வைத்து, ஒரு நேரத்தில் ஒரே கார், ஸ்டொப் வொட்சில் நேரம், கோன் விழுந்தால் இரண்டு செக்கன் கூட்டல், இப்படிச் சின்னதாக ஒரு ஓட்டோகுரொஸ் வைக்கிறார்கள். விதிகளை அமெரிக்காவின் எஸ்சீசீஏ என்ற கார்ப் பந்தயக் கழகத்தின் விதிப் புத்தகத்தைப் பார்த்துச் சுருக்கியிருக்கிறார்கள். ஸ்ட்ரீட் (கிட்டத்தட்ட கம்பனி நிலையிலேயே இருக்கும் கார்), ஸ்ட்ரீட் டூரிங் (அதைவிடக் கூடுதலாக மாற்றிய கார்), ஓபன் (மிச்சமெல்லாம்) என்று மூன்று பிரிவு, ஒவ்வொன்றிலும் 1500 சீசீக்குள், அதற்கு மேல் என்று இரண்டு கிளாஸ். டர்போ இன்ஜினாக இருந்தால் சீசீயை 1.7ஆல் பெருக்கிக் கணக்குப் பார்ப்பார்களாம்.

நான் ஸ்ட்ரீட் என்று போர்மில் எழுதிக் கொடுத்தேன். திருப்பி அனுப்பிவிட்டார்கள். "ஸ்பிரிங் மாறியிருந்தால் ஸ்ட்ரீட் இல்லை, இன்ஜினைப் பார்த்துவிட்டுத்தான் சொல்லலாம், ஓபனுக்கும் போகலாம்" என்கிறார்கள். ஓபனில் ஒரு லான்சர் இவோவும் இரண்டு சுபாருவும் பெயர் கொடுத்திருக்கின்றன. என் கார் ஏற்றத்தில் பஸ்ஸை முந்தவே யோசிக்கிற கார், அதைக் கொண்டுபோய் அங்கே நிறுத்துவது என்ன நியாயம்? எதை எதைக் கழற்றினால் எந்த கிளாஸுக்குள் வரலாம் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


பண்டாரவளை_கராஜ் பதில்:

தம்பி, கிளாஸ் பிரிக்கிறவன் உங்கள் கார் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று பார்ப்பதில்லை, எதை மாற்றியிருக்கிறீர்கள் என்றுதான் பார்ப்பான். மாற்றியதால் கார் மெதுவாகப் போயிருந்தாலும் அவனுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. பத்து சாமான் கம்பனி சாமானாக இருந்து பதினோராவது ஒன்று மட்டும் மேல் பிரிவுக்கு உரியதாக இருந்தால் முழுக் காரும் மேல் பிரிவுக்குப் போய்விடும். இதைத்தான் நிறையப் பேர் கடைசி நேரத்தில் தெரிந்துகொண்டு சண்டை பிடிக்கிறார்கள். இன்னொன்று, அந்தப் புத்தகத்தில் "செய்யலாம்" என்று எழுதியிருப்பதை மட்டும்தான் செய்யலாம். "கூடாது என்று எங்கேயும் போடவில்லையே" என்ற வாதம் அங்கே எடுபடாது. விதி வருடா வருடம் திருத்தப்படுவதால், உங்கள் ஆட்கள் எந்த வருடத்துப் புத்தகத்தைப் பார்த்தார்கள் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது உங்கள் காருக்கு வருவோம். சைலன்சர் பிரச்சினையே இல்லை, கெட்டலிட்டிக் கன்வேட்டருக்கு, அதாவது புகையைச் சுத்தமாக்கும் பெட்டிக்கு, பின்னால் இருக்கும் குழாயையும் சைலன்சரையும் ஸ்ட்ரீட்டிலேயே மாற்றலாம். கன்வேட்டரைப் பிடுங்கியிருந்தால் கதை வேறு, அதை ஸ்ட்ரீட் டூரிங்கிலும் விடமாட்டார்கள், எங்கள் ஊரில் வருடா வருடம் புகைப் பரிசோதனைக்கும் பதில் சொல்ல வேண்டி வரும். ஷொக் அப்சோபரை ஸ்ட்ரீட்டில் தாராளமாக மாற்றலாம், ஆனால் ஸ்பிரிங் உட்காரும் தட்டு கம்பனி வைத்த இடத்திலேயே இருக்க வேண்டும். முன்னால் அல்லது பின்னால் ஏதாவது ஒரு அன்டி ரோல் பாரை, அதாவது திருப்பத்தில் கார் சாயாமல் பிடிக்கும் கம்பியை, மாற்றலாம். பிரேக் பேட் மாற்றலாம். ஸ்பெயார் வீலையும் ஜெக்கையும் இறக்கி வைத்துவிட்டு ஓடலாம், பின் சீட்டைக் கழற்றினால் அது ஸ்ட்ரீட்டும் இல்லை, ஸ்ட்ரீட் டூரிங்கும் இல்லை. பில்டரைப் பொறுத்தவரை பெட்டிக்குள் இருக்கும் அட்டையை மட்டும்தான் மாற்றலாம், பெட்டியையே தூக்கிவிட்டுக் கூம்பு வைத்தால் ஸ்ட்ரீட் டூரிங்.

ஸ்பிரிங் கட்டாயம் ஸ்ட்ரீட் டூரிங். ஆனால் உங்கள் விஷயத்தில் எனக்கு வேறு ஒரு சந்தேகம். காரைப் பதிக்கிற லோவரிங் ஸ்பிரிங் வாங்கிப் போட்டதா, கம்பனி ஸ்பிரிங்கை வெட்டியதா? எங்கள் பக்கம் வருகிற பழைய கார்களில் பாதி வெட்டியதுதான். ஜெக் அடித்து முன் சில்லு இரண்டையும் தொங்கவிட்டு, கையை உள்ளே விட்டு ஸ்பிரிங்கைப் பிடித்துத் திருப்பிப் பாருங்கள். கடகடவென்று ஆடினால், அல்லது கையால் சுற்ற வந்தால், வெட்டியதுதான். நுனியையும் பாருங்கள். கம்பனி ஸ்பிரிங் நுனி சீராக முடிந்திருக்கும், பெயின்ட் அடையாளம் ஏதாவது மிச்சம் இருக்கும். கேஸ் வைத்து வெட்டிய நுனி நீலம் பாரித்து, உருகிய பிசிறோடு நிற்கும். சூடு பட்ட கம்பி வலுவும் இழந்திருக்கும். அப்படி ஒரு காரை நான் என்றால் எந்த கிளாஸிலும் ஓட விடமாட்டேன். கோன் சுற்றும்போது உள்பக்கச் சில்லு தூக்கினால் ஸ்பிரிங் தட்டிலிருந்து நழுவும், திரும்பி உட்காரும்போது எங்கே உட்காரும் என்று சொல்ல முடியாது. கிளாஸை அப்புறம் பார்க்கலாம், முதலில் இதைப் பாருங்கள்.


லேத்கடை_பதுளை பதில்:

கராஜ் அண்ணன் சொன்னது எல்லாம் சரி. ஆனால் அந்த "ஒரு சைஸ்தான்" என்பதை ஏன் யாரும் தொடவில்லை? இந்தக் காரின் தலையெழுத்தே அதில்தான் இருக்கிறது.

4ஜீ15 கம்பனி அளவு போர் (சிலிண்டரின் விட்டம்) 75.5 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 82. நான்கு சிலிண்டருக்கும் சேர்த்தால் 1468 சீசீ. அரை மில்லிமீட்டர் போர் அடித்து 76 ஆக்கினால் 1488. இன்னும் உள்ளேதான் இருக்கிறீர்கள். ஒரு மில்லிமீட்டர் அடித்து 76.5 ஆக்கினால் 1508, அவ்வளவுதான், 1500க்குள் என்ற கிளாஸ் போய்விட்டது. எட்டு சீசீயால் ஓட்டத்தில் ஒரு மாற்றமும் தெரியாது, ஆனால் கிளாஸ் ஷீட்டில் அது பெரிய மலை.

லான்சர்காரர்களுக்காவது இந்த அரை மில்லிமீட்டர் இடம் இருக்கிறது. நிசான் சனி எப்பீ14இல் வருகிற ஜீஏ15 இன்ஜினைப் பாருங்கள், போர் 73.6, ஸ்ட்ரோக் 88, கம்பனியிலிருந்து வரும்போதே 1497. முதல் ஓவர்சைஸ், அதாவது அரை மில்லிமீட்டர் பெரிய அளவு, அடித்தாலே 1518. பழைய இன்ஜின், தேய்மானத்துக்காகப் போர் அடிப்பது குற்றமா என்று கேட்பார்கள். குற்றம் இல்லை, அதனால்தான் எஸ்சீசீஏ ஸ்ட்ரீட்டிலேயே கம்பனி சொல்கிற முதல் ஓவர்சைஸ் வரைக்கும், அதுவும் 0.020 அங்குலத்துக்கு மேல் போகாமல் அனுமதி இருக்கிறது. அது ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். ஆனால் அங்கே ஸ்ட்ரீட்டில் கார்களை மொடல் பெயர் சொல்லித்தான் கிளாஸில் போட்டிருக்கிறார்கள், சீசீ கோடு கிடையாது. உங்கள் பையன்கள் அந்தப் புத்தகத்தையும் எடுத்து, அதன் மேல் 1500 என்று ஒரு கோட்டையும் போட்டுவிட்டார்கள். அதனால் போர் அடித்த சனி ஒன்று வந்தால் ஒரு விதிப்படி ஸ்ட்ரீட்டில் நிற்கலாம், இன்னொரு விதிப்படி பெரிய இன்ஜின்களோடு நிற்க வேண்டும். தேய்மானப் போருக்கு முதல் சைஸ் வரை கம்பனி சீசீயையே கணக்கில் எடுப்போம் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். சண்டை வருவதற்கு முதலே.

சிலிண்டருக்கு மேல் மூடியாக இருக்கும் ஹெட்டைக் கழற்றாமல் போர் அளவைப் பார்க்க வழி இருக்கிறது. ஓவர்சைஸ் பிஸ்டன் என்றால் தலையில் 0.50 அல்லது 1.00 என்று அடித்திருப்பது வழக்கம். போனில் சொருகுகிற மெல்லிய வயர் கெமரா ஒன்று கிடைக்கிறதே, பிளக்கைக் கழற்றி அந்த ஓட்டையால் விட்டுப் பாருங்கள். கரி மூடியிருந்தால் கார்பரேட்டர் கிளீனர் கொஞ்சம் அடித்து ஊறவிட்டு, கம்பி நுனியில் துணி சுற்றித் துடையுங்கள். துணியை நன்றாகக் கட்டுங்கள், உள்ளே விழுந்தால் ஹெட் கழற்ற வேண்டியதுதான்.


நானுஓயா_டயர் பதில்:

எல்லாரும் இன்ஜினுக்குள்ளேயே நிற்கிறீர்கள். கோன் வைத்த தடத்தில் இரண்டாம் கியரைத் தாண்ட மாட்டீர்கள், அங்கே நேரத்தைக் கொடுப்பதும் எடுப்பதும் டயர்தான். கிளாஸிலிருந்து தூக்குவதும் டயர்தான்.

ஸ்ட்ரீட், ஸ்ட்ரீட் டூரிங் இரண்டுக்கும் ட்ரெட்வெயார், அதாவது டயர் எவ்வளவு மெதுவாகத் தேயும் என்று காட்டும் இலக்கம், 200க்குக் குறையக்கூடாது. டயர் பக்கவாட்டில் எழுத்து சின்னதாக இருக்கும், டோர்ச் அடித்து ஒரு சுற்றுச் சுற்றித் தேடுங்கள். அந்த இலக்கம் அமெரிக்கச் சந்தைக்காக டயர் கம்பனி தானே போட்டுக்கொள்வது. அதனால் ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்குச் செய்த டயர்கள் சிலதில் அது இருக்கவே இருக்காது. ரீகண்டிஷன் காரோடு வந்த டயர், கொள்கலனில் வந்த பழைய டயர் என்று ஓட்டுகிறவர்களுக்கு இதுதான் சிக்கல். இலக்கம் இல்லாத டயரை என்ன செய்வோம் என்று நடத்துகிறவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும். டயரில் டொட் (DOT) என்று இருக்கும் எழுத்துக்களுக்குப் பின்னால் கடைசி நான்கு இலக்கத்தையும் பாருங்கள், 2319 என்றால் 2019ஆம் ஆண்டு 23ஆம் வாரம். எங்கள் குளிருக்கும் மழைக்கும் கல்லாக இறுகிப்போன பழைய டயர், அது எவ்வளவு பெரிய பெயர் என்றாலும், புதுச் சாதாரண டயரிடம் தோற்கும்.

ரிம்மும் பாருங்கள். ஸ்ட்ரீட்டில் விட்டத்தை ஒரு அங்குலம் கூட்டலாம் அல்லது குறைக்கலாம், அகலத்தைத் தொடக்கூடாது, ஒப்செட், அதாவது ரிம் எவ்வளவு உள்ளே அல்லது வெளியே தள்ளி உட்காருகிறது என்பது, கம்பனி அளவிலிருந்து ஏழு மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். ரிம்மைக் கழற்றி உட்பக்கம் பார்த்தால் 15×6½ஜே (விட்டம், அகலம்) என்றும் ஈடீ 38 (ஒப்செட்) என்றும் இப்படி ஏதாவது அச்சில் இருக்கும். கம்பனி டயர் சைஸ் டிரைவர் பக்கக் கதவுத் தூணில் ஸ்டிக்கரில் இருக்கும், ரிம் அகலத்துக்கு மெனுவலைத்தான் பார்க்க வேண்டும். அழகுக்குப் போடுகிற ரிம் அனேகமாக அகலத்தில்தான் மாட்டும்.


கே6ஏ_வெலிமடை பதில்:

நானும் அந்த நிகழ்ச்சிக்கு அல்டோ வேர்க்ஸ் பதிந்திருக்கிறேன். 658 சீசீ டர்போ, 1.7ஆல் பெருக்கினால் 1118.6. 1500க்குள் ஸ்ட்ரீட். ஒரு போல்ட்டும் மாற்றவில்லை. இதற்கே வாட்ஸ்அப் குரூப்பில் முணுமுணுப்பு. 1.7 என்பது பையன்கள் கண்டுபிடித்தது இல்லை, உலகக் கார்ப் பந்தய அமைப்பான எப்ஐஏ பெற்றோல் டர்போவுக்குப் போடுகிற கணக்கு. அதே கணக்கில் டொயோட்டா ஸ்டார்லெட் கிளான்சாக்காரன் 1331 சீசீ டர்போ வைத்துக்கொண்டு 2262.7க்குப் போய் நிற்கிறான், அவன் அழவில்லையே.


லேத்கடை_பதுளை பதில்:

தம்பி, முணுமுணுப்பில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. 1.7 எல்லா உயரத்துக்கும் ஒரே இலக்கம். நுவரெலியா 1868 மீட்டர். அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு, டர்போ இல்லாத இன்ஜினின் பலமும் கிட்டத்தட்ட அதே அளவுக்கு இறங்கும். டர்போ அந்தக் குறையில் பெரும்பங்கை அமுக்கி ஈடுகட்டிவிடும். கொழும்பில் சரியாக வருகிற பெருக்கம் மலையில் டர்போவுக்குச் சாதகம். ஹட்டனில் இந்த வித்தியாசம் கொஞ்சம் குறையும், ஆனால் இல்லாமல் போகாது.


பண்டாரவளை_கராஜ் பதில்:

கணக்கு சரி, ஆனால் இது ரதல்லயிலும் மஹகஸ்தோட்டையிலும் மலையேறுகிற ஓட்டத்துக்குப் பேச வேண்டிய கணக்கு. கோன் தடத்தில் எக்ஸலரேட்டரை மிதிக்கிற நேரத்தைவிட விடுகிற நேரம் அதிகம், சின்ன டர்போ கூட அந்த இடைவெளியில் மூச்சுப் பிடிக்கக் கொஞ்சம் நேரம் எடுக்கும். 1.7ஐ 1.9 ஆக்கு, 2 ஆக்கு என்று இறங்கினால் அடுத்த வருடம் ஆளுக்கு ஒரு பெருக்கம் கேட்பார்கள். விட்டுவிடுங்கள்.

அந்தப் பெரிய போட்டிகளுக்குப் போகிற எண்ணம் இருந்தால் இந்த ஸ்ட்ரீட், டூரிங் பிரிப்பை அங்கே எதிர்பார்க்க வேண்டாம். எங்கள் நாட்டுப் போட்டிகளில் போர்ட் லேசர், மஸ்டா 323 ரகக் கார்களுக்குத் தனி, நிசான் மார்ச்சுக்குத் தனி, பழைய மினிகளுக்குத் தனி என்று மொடல் பெயரிலேயே கிளாஸ் இருக்கிறது. எனக்கு அந்த முறைதான் பிடிக்கும். எல்லாரிடமும் ஒரே கார், செலவுக்கும் ஒரு எல்லை, யாருக்கு ஓட்டத் தெரியும் என்று வெளிச்சமாகிவிடும். ஆனால் ஒரு சின்ன நிகழ்ச்சிக்கு ஒரே மொடலில் ஐந்து கார் சேர்ப்பதே கஷ்டம். 2020இலிருந்து 2025 தொடக்கம் வரை கார் இறக்குமதியே நின்று கிடந்ததால், ஓட்டுவதற்கென்று ஒரு பழைய கார் வாங்குவது இப்போது சும்மா விஷயமும் இல்லை. அதனால் பையன்கள் செய்திருக்கிற மூன்று பிரிவு முறை தப்பில்லை.

அமெரிக்கர்கள் இன்னொரு வேலையும் செய்கிறார்கள், அதை உங்கள் ஆட்களுக்குச் சொல்லுங்கள். ஒவ்வொரு கிளாஸுக்கும் ஒரு பின்ன இலக்கம் வைத்து, ஓடிய நேரத்தை அதால் பெருக்கி எல்லாக் காரையும் ஒரே பட்டியலில் வரிசைப்படுத்துவார்கள். உதாரணத்துக்கு, ஓபனுக்கு 0.90, ஸ்ட்ரீட்டுக்கு 0.80 என்று வைத்துக்கொள்ளுங்கள். இவோ 50 செக்கனில் முடித்தால் 45. நீங்கள் 55இல் முடித்தால் 44. கிளாஸில் உங்களோடு இரண்டே கார் நின்றாலும் அன்றைக்கு யார் நன்றாக ஓட்டினார் என்று ஓரளவு தெரியும். இலக்கத்தை மட்டும் ஓட்டத்துக்கு முதல் நாளே அறிவிக்க வேண்டும், முடிவு வந்த பிறகு இல்லை.

அப்புறம், விதிப் பேச்சுக்கு வெளியே ஒன்று. பார்க்க வருகிற ஆட்கள் எங்கே நிற்கப்போகிறார்கள் என்று கேட்டீர்களா? 2024 ஏப்ரல் 21ஆம் திகதி தியத்தலாவை பொக்ஸ் ஹில்லில் கார் ஒன்று கூட்டத்துக்குள் போய் ஏழு பேர் செத்தார்கள். கோன் ஓட்டம்தானே, வேகம் குறைவுதானே என்று யாரும் சொன்னால் ஏற்றுக்கொள்ளாதீர்கள். திருப்பத்தின் வெளிப்பக்கத்தில் ஒருத்தரும் நிற்கக்கூடாது. கயிறு கட்டுவது போதாது, ஆள் போட்டுத் தடுக்க வேண்டும்.


ஹட்டன்_சீகே பதில்:

எல்லாருக்கும் நன்றி. கராஜ் அண்ணே, நீங்கள் சொன்ன மாதிரியே ஜெக் அடித்துப் பார்த்தேன். வலது முன் ஸ்பிரிங் கையால் சுற்றுகிறது. நுனி கருநீலம், பக்கத்தில் உருகி ஒட்டின சின்ன உருண்டை. இடது பக்கமும் அப்படித்தான். பின்னால் மட்டும் ஏதோ சிவப்புப் பெயின்ட் அடித்த புதுச் ஸ்பிரிங். முன் ஓனருக்கு முன்பக்கத்துக்குக் காசு பத்தவில்லை போல.

வயர் கெமராவும் இரவல் வாங்கினேன். இரண்டாம் சிலிண்டரில் கரியைத் துடைத்த பிறகு 0.50 தெளிவாகத் தெரிகிறது. நிம்மதி. 1488 என்று நடத்துகிறவர்களுக்குப் படத்தோடு அனுப்பிவிட்டேன், ஏற்றுக்கொண்டார்கள். தேய்மானப் போர் பற்றிய வரியையும் விதியில் சேர்ப்பதாகச் சொல்கிறார்கள்.

இப்போது கேள்வி இதுதான். முன் ஸ்பிரிங்கை எப்படியும் மாற்றியே ஆக வேண்டும். கம்பனி ஸ்பிரிங் நான்கும் போட்டு ஸ்ட்ரீட்டுக்குப் போவதா, முன்னாலும் நல்ல லோவரிங் ஸ்பிரிங் போட்டு ஸ்ட்ரீட் டூரிங்கில் நிற்பதா?


பண்டாரவளை_கராஜ் பதில்:

ஸ்ட்ரீட். யோசிக்கவே வேண்டாம். ஸ்ட்ரீட் டூரிங்கில் ஸ்பிரிங் மட்டும் மாற்றிய காரோடு யாரும் வரமாட்டார்கள், சில்லின் சாய்வை மாற்ற மேல் தட்டில் கேம்பர் பிளேட், புகை சுலபமாக வெளியேற ஹெடர் குழாய், இன்ஜின் கம்பியூட்டரான ஈசீயூவில் டியூனிங் என்று அங்கே அனுமதித்த எல்லாவற்றையும் செய்துகொண்டுதான் வருவார்கள். பாதி வேலை செய்த காருக்கு அந்தப் பிரிவு சரிப்படாது. கொழும்பில் பழைய கார்ச் சாமான் விற்கும் பஞ்சிகாவத்தையில் சீகே கம்பனி ஸ்பிரிங் செட்டாகவே கிடைக்கும், நான்கையும் ஒரே காரில் கழற்றினதாகப் பார்த்து எடுங்கள். பில்டர் பெட்டியும் அங்கேயே தேடலாம், மூடியின் கிளிப் நான்கும் உடையாமல் இருக்கிறதா பாருங்கள். மிச்சக் காசை ஷொக்கிலும் டயரிலும் போடுங்கள், இரண்டையும் உங்கள் கிளாஸுக்குள்ளேயே செய்யலாம்.

கூம்பு பில்டரை விற்றுவிடுங்கள், யாராவது வாங்குவான். 2025 ஜனவரியில் பொலிஸ் பஸ், ஆட்டோக்களை நிறுத்திப் பொருத்தின சாமானெல்லாம் கழற்ற ஆரம்பித்ததிலிருந்து எங்கள் கராஜுக்குக் கம்பனி சாமான் தேடி வருகிறவர்கள்தான் அதிகம், அதனால் பஞ்சிகாவத்தைக்குக் கொஞ்சம் சுருக்காகப் போங்கள்.


நானுஓயா_டயர் பதில்:

ரிம் உட்பக்கம் பார்த்தீர்களா?


ஹட்டன்_சீகே பதில்:

பார்த்தேன். கம்பனி ரிம்மைவிட ஒரு அங்குலம் அகலம். அதுவும் போச்சு. சீகே2 கம்பனி ரிம் நான்கு, வளையாதது, யாரிடமாவது சும்மா கிடந்தால் இங்கேயே சொல்லுங்கள். ஹட்டனிலிருந்து பதுளை வரை எங்கே என்றாலும் வந்து எடுத்துக்கொள்வேன், என்னுடைய 15 அங்குல ரிம்முக்கு மாற்றாகத் தருவதென்றாலும் சரி.